மறுபடியும் மனுப் போடலாமா?

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை. நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போனவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

 

ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் ஒரு வழக்கம் நடக்கிறது. பரிசு வாங்க வரும் பிள்ளையை நிறுத்தி, "பெரியவளானதும் என்னவாகப் போறே?" என்று ஒலிபெருக்கியில் கேட்போம். பிள்ளை "டாக்டர்" என்று சொல்லும். நீங்கள் எல்லாரும் கைதட்டுவீர்கள். நானும் பல வருஷம் இப்படிக் கேட்டவன்தான், கைதட்டியவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், எஸ்.பி.எம். தேர்வில் சிறப்பாகத் தேறிய நம் பழைய மாணவி ஒருத்திக்கு இங்கே பரிசு கொடுத்தோம். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தாயார் கன்று நடுகிற இடத்தில் வேலை செய்கிறவர். "இந்தப் பெண் அடுத்த முறை டாக்டராகத்தான் இந்த மேடைக்கு வருவாள்!" என்று நான் உரக்க அறிவித்தேன். அந்தத் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை மேடையிலிருந்தே பார்த்தேன்.

அந்தப் பெண் ஆறாம் படிவம் படித்தாள். எஸ்.டி.பி.எம். தேர்வில் 3.92 எடுத்தாள். மருத்துவப் படிப்புக்கு மனுப் போட்டாள். இடம் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்லிமாவ் டவுனில் மளிகைக் கடையில் அந்தத் தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்கதானே மேடையில சொன்னீங்க? புள்ள மூணு நாளா சரியா சோறு திங்கல. மறுபடியும் மனுப் போடச் சொல்லவா, வேணாம்னு சொல்லவா? நீங்களே சொல்லுங்க சார்" என்றார். அரிசிப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். என்னிடம் பதில் இல்லை.

கைதட்டு வாங்கிக் கொடுக்கத் தெரிந்த எனக்கு வழி சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடனை அடைக்கத்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

என் கதையும் இதுதான்

"இதைப் பற்றிப் பேச நீ யார்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் டாக்டரும் இல்லை, பட்டதாரியும் இல்லை. பயிற்சிச் சான்றிதழ் பெற்ற தோட்டத்துப் பள்ளி ஆசிரியன். ஆனால் ஒரு தகுதி எனக்கு உண்டு. நானும் மருத்துவத்துக்கு மனுப் போட்டு, கிடைக்காமல், மறுபடியும் போட்டு, மறுபடியும் கிடைக்காமல் போனவன்.

முதல் தடவை என் புள்ளி 3.17. மனம் கேட்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் கொடுங்கப்பா" என்றேன். அப்பா பால்மரம் வெட்டுகிறவர். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து வேலைக்குப் போக ஆரம்பித்தார். நான் அதே நோட்டுப் புத்தகங்களை, அதே மேசையில், அதே மாதிரி படித்தேன். இரண்டாம் தடவை 3.25. அதே படிப்புகளை, அதே வரிசையில் மறுபடியும் எழுதி அனுப்பினேன். வந்த பதிலும் அதேதான்.

இன்று திரும்பிப் பார்த்தால், இரண்டு மனுவுக்கும் நடுவில் நான் மாற்றியது தேதியை மட்டும்தான் என்று தெரிகிறது. "தம்பி, 3.25-க்கு அங்கே என்ன வாய்ப்பு இருக்கு, கணக்குப் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்க அன்று எனக்கு ஓர் ஆள் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொல்கிறேன். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் நம் மலாக்காவில்தான் உருவானது. 1896-இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்தக் காலந்தொட்டு வெட்டுக்கத்தி பிடித்த வம்சம் நம்முடையது. ஒரு பக்கத்துப் பட்டை தேய்ந்துபோனால் என்ன செய்வோம்? மறுபக்கம் கோடு போட்டு வெட்டுவோம். பழைய பட்டை வளரும்வரை காத்திருப்போம். அதே இடத்தில் ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம், பாலும் நின்றுபோகும். நான் என் இரண்டாவது மனுவைப் பழைய பட்டையிலேயே வெட்டினேன்.

தகுதி வேறு, வாய்ப்பு வேறு

பெற்றோர்களே, முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

தகுதி என்பது வாசல். நம் நாட்டில் மருத்துவம் படிக்கக் குறைந்தபட்சத் தகுதியை மலேசிய மருத்துவ மன்றம் வகுத்திருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னும் ஒரு பாடம் என ஐந்திலும் குறைந்தது 'பி' இருக்க வேண்டும். அதற்குமேல் ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ நல்ல புள்ளி வேண்டும். இது இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வாய்ப்பு என்பது வரிசை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் நம்பர் சீட்டு வாங்கினால் மட்டும் மருந்து கிடைத்துவிடுமா? நமக்கு முன்னால் எத்தனை பேர், எத்தனை மணிவரை டாக்டர் இருப்பார் என்று பார்க்கிறோம் அல்லவா? அதே கதைதான். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் கற்பிப்பவை 11. இதில் யூ.ஐ.டி.எம். நம் பிள்ளைகளுக்குத் திறந்ததில்லை. மீதமுள்ள இடங்களுக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆறாம் படிவத்தாரும் மெட்ரிகுலேஷன்காரர்களும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள்.

முழுப் புள்ளி எடுத்தாலே இடம் நிச்சயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2004-இல் எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00 எடுத்த 128 மாணவர்களுக்கு மருத்துவ இடம் கிடைக்காமல் போனது. நாடெங்கும் பெரிய பேச்சாகி, அரசாங்கத்தின் மேலிடம்வரை விஷயம் போயிற்று. அது நியாயமா என்று இன்றும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் மனுப் போடும் பிள்ளை, நியாயம் கிடைக்கும்வரை கணக்கைத் தள்ளிப்போட முடியாது.

கணக்கு எப்படிப் போடுவது?

ஆறாம் படிவப் பிள்ளைகள் காதைக் கொடுங்கள். யூ.பி.யூ. வழியாகப் போடும் மனுவில் மெரிட் மதிப்பெண் 100. அதில் 90 பாடத்துக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. எஸ்.டி.பி.எம். தேர்வில் ஒரு 'ஏ'க்கு 4.00, ஒரு 'ஏ மைனஸ்'க்கு 3.67. நான்கு பாடத்தையும் கூட்டி நான்கால் வகுத்தால் உங்கள் புள்ளி வரும். அந்தப் புள்ளியை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள். அதோடு புறப்பாட மதிப்பெண்ணைக் கூட்டுங்கள். அவ்வளவுதான். நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

மளிகைக் கடையில் அந்தத் தாயைப் பார்த்த மறுவாரம், அவரையும் மகளையும் பள்ளிக்கு வரச் சொன்னேன். வகுப்பறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலால் கணக்குப் போட்டோம்.

அவளுக்கு மூன்று 'ஏ', ஒரு 'ஏ மைனஸ்'. புள்ளி 3.92. பாடத்துக்கு 88.2 மதிப்பெண். அந்த 'ஏ மைனஸ்' எதில் தெரியுமா? இரசாயனத்தில் இல்லை, உயிரியலில் இல்லை. பெங்காஜியான் அம் என்ற பொதுப் பாடத்தில்! "அது டாக்டர் படிப்புக்கு வேணாம்னு நெனச்சு கடைசியா வெச்சிட்டேன் சார்" என்றாள். வரிசையில் நிற்கும்போது எல்லாப் பாடத்துக்கும் ஒரே எடை என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அடுத்து புறப்பாடம். பத்துக்கு 6. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். தாயார்தான் பதில் சொன்னார். "பள்ளி விட்டதும் தோட்டத்து வேனைப் புடிக்கலேன்னா வீட்டுக்கு வர வழியில்லை சார். அதான் எதுக்கும் நிக்க மாட்டா."

ஆக மொத்தம் 94.2. கவனியுங்கள்: ஒரு 'ஏ மைனஸ்' அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது 1.8 மதிப்பெண். தோட்டத்து வேன் எடுத்துக்கொண்டது 4. அதே 3.92-ஓடு புறப்பாடத்தில் 9 வாங்கியிருந்தால் 97.2 வந்திருக்கும். 4.00 எடுத்து, புறப்பாடத்தில் 6.5 வாங்கிய பிள்ளையைவிட அது அதிகம்.

இதைக் கேட்டுத் தகப்பனார்கள் சிலர் முகம் சுளிக்கலாம். "பந்து விளையாடினா டாக்டர் ஆகலாமா?" என்று. ஐயா, சாரணர் இயக்கம், செம்பிறைச் சங்கம், விவாத மேடை, ஓட்டப் பந்தயம் எல்லாம் இன்று மனுவில் ஏறும் மதிப்பெண். பள்ளி முடிந்து நிற்கும் பிள்ளையை அழைத்து வர நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு காரை ஏற்பாடு செய்தால், அது டியூஷனுக்குக் கொடுக்கும் காசைவிடப் பயன்படும். நம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும் என்று இந்தச் சபையில் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமனுவுக்கு முன் நான்கு கேள்விகள்

மறுபடியும் மனுப் போடலாமா, வேண்டாமா? நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். வாயால் சொல்லாதீர்கள், நோட்டில் எழுதுங்கள்.

ஒன்று: முதல் மனு எந்த இடத்தில் நின்றது? மதிப்பெண் போதவில்லையா? நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு, அங்கே தவறியதா? படிப்புகளை எழுதிய வரிசை சரியில்லையா? இந்த மூன்றுக்கும் வேறு வேறு மருந்து. நேர்முகத் தேர்வில் தவறியவன் பரீட்சையை மறுபடி எழுதிப் பயனில்லை. மதிப்பெண் குறைந்தவன் கோட் தைத்துக்கொண்டும் பயனில்லை.

இரண்டு: எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது? அந்தப் பெண்ணின் புறப்பாட மதிப்பெண் 6 என்று முடிந்துபோன விஷயம். பரீட்சையை மறுபடி எழுதி நான்கும் 'ஏ' வாங்கினாலும் அவள் தொடக்கூடியது 96தான். சரி, 96 போதுமா? யூ.பி.யூ. வழிகாட்டியில் ஒவ்வொரு படிப்புக்கும் நேராகச் சராசரி மெரிட் மதிப்பெண் போட்டிருப்பார்கள். அதைப் பல்கலைக்கழக வாரியாக நோட்டில் எழுதச் சொன்னேன். மேலே இருந்தவற்றுக்கு 96 எட்டாது என்று தெரிந்தது. ஒன்றிரண்டு ஓரளவு பக்கத்தில் இருந்தன. சராசரி என்றால் அதற்குக் கொஞ்சம் கீழே நின்றவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? ஆக வாய்ப்பு இல்லாமல் இல்லை; ஆனால் பெரிய வாய்ப்பும் இல்லை. அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இப்பதான் சார் எனக்குப் புரியுது" என்றாள்.

மூன்று: அந்தக் காலத்துக்கு யார் விலை கொடுப்பது? எஸ்.டி.பி.எம். மூன்று தவணையாக நடக்கிற பரீட்சை. முதலிலிருந்து எழுதினால் ஏறக்குறைய ஒன்றரை வருஷம். பரீட்சைக் கட்டணம், புத்தகம், பஸ் காசு, வீட்டுக்கு வராத ஒரு சம்பளம். இதைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். என் அப்பா என்னிடம் சொல்லாமலேயே ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார். எனக்கு அது தெரிந்திருந்தால், ஒன்று ஒழுங்காகப் படித்திருப்பேன். இல்லை அந்த வருஷத்தைக் கேட்டிருக்க மாட்டேன்.

நான்கு: மறுபடியும் "இல்லை" என்று வந்தால் எங்கே போவாய்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர் மறுமனுப் போடக் கூடாது என்பது என் கருத்து. முதல் தடவை அந்தப் பெண் மேலே மருத்துவத்தை எழுதிவிட்டு, கீழே மிச்சமிருந்த கட்டங்களை யாரோ சொன்னபடி நிரப்பியிருந்தாள். கிடைத்த படிப்பின் பெயரைக்கூட அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. கீழே எழுதுவதும் நாம் போக விரும்பும் இடமாக இருக்க வேண்டும்.

இன்னொரு வழி, முறையீடு. முடிவு வந்ததும் யூ.பி.யூ.விடம் முறையிடக் கொஞ்ச நாள் வாய்ப்புத் தருவார்கள். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். அதே நேரம், முறையீட்டை மட்டும் நம்பிக் கையில் கிடைத்த இடத்தை யோசிக்காமல் விட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டின் பரீட்சை முடிவு செல்லும், எதை ஏற்பார்கள் என்பதை அந்தந்த ஆண்டு வழிகாட்டியைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மெட்ரிகுலேஷன் கதவு 2003-இல்தான் பத்து விழுக்காடு நமக்கும் மற்றவர்களுக்கும் திறந்தது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் அறிவித்தார்கள். 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ' எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று அரசாங்கம் சொன்னது. ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா என்று அப்போதே யோசியுங்கள். முதல் மனு ஒழுங்காக இருந்தால் மறுமனுவுக்கு வேலையே இல்லை.

பணம் கட்டிப் போகும் வழி

இனி தகப்பனார்களுக்கு. அந்தப் பெண்ணின் அப்பா ஒரு நாள் இரவு என் வீட்டுக்கு வந்தார். "சேமநிதியில எடுத்துடலாம் சார். கொஞ்சம் நகை இருக்கு. ஒரு ஏஜெண்ட் வெளிநாட்டுல சீட்டு இருக்குன்றான்" என்றார்.

பணம் கட்டிப் படிப்பது குற்றமில்லை. நம் புக்கிட் பாருவிலேயே மணிப்பால் கல்லூரி இருக்கிறது. 1997-இல் தொடங்கியது, பாதிப் படிப்பு இந்தியாவில், பாதி மலாக்காவில் என்று அங்கே படித்து டாக்டரானவர்கள் ஏராளம். கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001-இல் நம் சமுதாயத்தை மனத்தில் வைத்தே உருவானது. ஆனால் கணக்கு? தனியார் மருத்துவப் படிப்பு லட்சக்கணக்கில் போகும். ஒரு பேச்சுக்கு 3 லட்சம் வெள்ளி என்று வைப்போம். 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. சாப்பிடாமல் கொள்ளாமல் முழுச் சம்பளத்தையும் எடுத்து வைத்தாலும் 14 வருஷத்துக்கு மேல் ஆகும். உபகாரச் சம்பளமோ கடனுதவியோ எழுத்து மூலம் கையில் வருமுன் சேமநிதியைத் தொடாதீர்கள். அது உங்கள் முதுமைக்குச் சோறு.

வெளிநாடு என்றால் இன்னும் ஒரு படி எச்சரிக்கை வேண்டும். 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற கல்லூரியா என்று மருத்துவ மன்றத்திடமே நேராகக் கேளுங்கள்; ஏஜெண்ட் காட்டும் காகிதத்தை நம்ப வேண்டாம். 2005-இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை நம் அரசாங்கம் திரும்பப் பெற்றபோது, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருந்த எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் கலங்கிப்போயின. முன்பே சேர்ந்தவர்களுக்குப் பாதிப்பில்லை என்று தெளியும்வரை அவர்களுக்குத் தூக்கமில்லை.

பட்டம் வாங்கினால் முடிந்தது என்றும் எண்ணாதீர்கள். ஐந்து வருஷப் படிப்புக்குப்பின் பயிற்சி மருத்துவராக இரண்டு வருஷம் உழைக்க வேண்டும். 2016 டிசம்பர் முதல் புது டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்த முறையில்தான் எடுத்தது. நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்ததை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பெரிய கடனோடு படித்தவருக்கு இதெல்லாம் தலைமேல் கத்தி.

அந்தத் தகப்பனாரிடம் இவ்வளவும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ எம்மகளுக்கு ஒன்றரை வருஷம் குடுக்கலாம். நகையைக் குடுக்க வேணாம்ங்கிறீங்க" என்றார். நான் ஒரு மணி நேரம் பேசியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வீட்டில் என்ன பேசுகிறோம்?

நம் மக்கள் மனத்தில் டாக்டர் என்ற சொல் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது? 1960-களில் மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் மருத்துவப் பிரிவைத் தொடங்கியபோது அதை நிறுவி நடத்திய முதல் டீன், பேராசிரியர் டி. ஜே. தனராஜ் என்ற தமிழர். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து நம் தாத்தாக்கள் ஆசைப்பட்டார்கள். லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை வெள்ளைக் கோட் போட வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை.

ஆனால் அந்த ஆசை பிள்ளையின் கழுத்தை நெரிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த அனிதா என்ற கூலித் தொழிலாளியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 எடுத்தவள். 2017-இல் நீட் என்ற நுழைவுத் தேர்வு குறுக்கே வந்து மருத்துவ இடம் கைவிட்டுப் போனது. உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடினாள். அந்தச் செப்டம்பர் மாதம் அவளை நாம் இழந்துவிட்டோம். 2020-இல் அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. பல ஏழைப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவள் இல்லை. சட்டம் மாறும், கதவு திறக்கும், வேறு வழி பிறக்கும். அதைப் பார்க்கப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும். முடிவு வந்த வாரத்தில் பிள்ளை பேசாமல் மூலையில் உட்கார்ந்தால், "ஊர்ல என்ன சொல்வாங்க" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். மனம் தேறாவிட்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

பெரியவர்களுக்கு நம் தோட்டத்து டிரசரை நினைவிருக்கும். அவர் டாக்டர் பட்டம் வாங்கியவரில்லை. ஆனால் நடுராத்திரியில் பாம்புக் கடியென்றாலும் பிரசவ வலியென்றாலும் டார்ச் லைட்டோடு வந்து நின்றவர் அவர்தான். இன்று அந்த வேலை உதவி மருத்துவ அதிகாரி, தாதி, மருந்தாளர், இயன்முறை சிகிச்சையாளர், பரிசோதனைக் கூட நிபுணர் என்று பல கிளையாகப் பிரிந்திருக்கிறது. நோயாளிக்கு உதவத்தான் ஆசை என்றால் இத்தனை கதவு இருக்கிறது. வெள்ளைக் கோட்டின்மேல் மட்டும்தான் ஆசை என்றால், அதையும் பிள்ளை தனக்குத்தானே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

முடிவாக

அந்தப் பெண் மறுபடியும் எழுதினாள். தனியார் பரீட்சார்த்தியாகப் பதிந்து நான்கு பாடங்களையும் எழுதினாள். காலையில் ஜாசினில் ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதும் வேலை, மாலையில் படிப்பு. பெங்காஜியான் அம் பாடத்துக்கு மலாய் நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் வெட்டி ஒட்டிப் படித்தாள். இந்தத் தடவை நான்கும் 'ஏ'. மெரிட் 96. படிப்புகளின் வரிசையைத் தானே எழுதினாள்: மேலே மருத்துவம், பக்கத்தில் தெரிந்த பல்கலைக்கழகங்கள் முதலில். அதற்குக் கீழே மருந்தியலும் இயன்முறை சிகிச்சையும். ஏன் அவை என்று கேட்டால் இன்று அவளால் பத்து நிமிஷம் பேச முடியும்.

போன தடவை நேர்முகத் தேர்வுக்கே அழைப்பு வரவில்லை. இந்தத் தடவை வந்தது. போய் வந்தாள். கிளினிக்கில் பார்த்ததைக் கேட்டார்களாம், பார்த்ததைச் சொன்னாளாம். முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. இந்த மலர் உங்கள் கையில் இருக்கும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"கெடைக்கலேன்னா மூணாவது தடவை போட மாட்டேன் சார். கீழ எழுதினதுல கெடைக்கிற எடத்துக்கு சந்தோஷமாப் போவேன்" என்று போன வாரம் சொன்னாள். அவள் தாயாரும் பக்கத்தில்தான் இருந்தார். இந்தத் தடவை என்னை ஒன்றும் கேட்கவில்லை. "சார், பசியாறிட்டுப் போங்க" என்றார்.

ஆகவே இனி இந்த மேடையில் எந்தப் பிள்ளையையும் "இவள் டாக்டர் ஆவாள்" என்று நான் அறிவிக்க மாட்டேன். அது என் கையில் இல்லை. ஆனால் எஸ்.பி.எம். முடித்த பிள்ளையானாலும், ஆறாம் படிவம் முடித்த பிள்ளையானாலும், இடம் கிடைக்காமல் வாடி நிற்கும் பிள்ளையானாலும், பரீட்சை முடிவுத் தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் பள்ளிக்கு வாருங்கள். அப்பா அம்மாவையும் அழைத்து வாருங்கள். நாற்காலி சின்னதுதான், சமாளித்துக்கொள்ளலாம். சேர்ந்து கணக்குப் போடுவோம்.

 பரிசு பெற்ற செல்வங்களுக்கு என் வாழ்த்து. பரிசு பெறாதவர்களுக்கு என் அன்பு.